எல்லாருக்கும் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை: காத்திருப்பதா, முந்திக்கொள்வதா?

"இன்று முதல் அனைவருக்கும்" என்று ஒரு செயலியின் புதிய வசதியை நிறுவனம் அறிவித்துவிட்டது. செய்தித் தளங்கள் படத்தோடு எழுதிவிட்டன. நண்பர் தன் போனில் அந்தப் புதிய பட்டனை அழுத்திக் காட்டுகிறார். நம் போனிலும் அதே செயலிதான், பட்டன் மட்டும் இல்லை. அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறது. லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வசதியை நம்பி ஒருவர் அடுத்த வார வேலையைத் திட்டமிட்டிருப்பார். இன்னொருவர் அதற்காகவே ஒரு வருடச் சந்தா கட்டியிருப்பார். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அந்தப் புதிய வாசிப்பு வசதி அன்றாடத்தையே மாற்றக்கூடியதாக இருக்கலாம். எப்போது வரும் என்று கேட்டால் "படிப்படியாக வெளியிடுகிறோம், பொறுத்திருங்கள்" என்பதுதான் பதில். இன்னும் எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. தாமதத்தைக் காட்டிலும் இந்தப் பதில்தான் ஆளைச் சோர வைக்கிறது.

சரி, அப்படியொரு நிலையில் நமக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? சும்மா காத்திருக்கலாம். கையால் அப்டேட் செய்யலாம். பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்ப்பவர்களுக்கான பதிப்பில், சேரலாம். மறைந்திருக்கும் ஸ்விட்சைத் தேடித் திருப்பலாம். நாட்டை மாற்றிக் காட்டலாம். பணம் கட்டி மேல் திட்டத்துக்குப் போகலாம். வேறு செயலிக்கே மாறிவிடலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்த வசதி உங்களிடம் வராமல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வழி அமையும். அதைப் பார்க்காமல் இறங்குவதால்தான் பலர் செயலியை நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப நிறுவி, பழைய தரவையும் இழந்து, பட்டனும் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

எங்கே நிற்கிறது?

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் நிற்கும். புதிய பதிப்பே உங்கள் கருவிக்கு இன்னும் வராமல் இருக்கலாம். பதிப்பு வந்திருந்தும், நிறுவனத்தின் சர்வரில் (செயலியைப் பின்னாலிருந்து இயக்கும் கணினி) உங்கள் கணக்குக்கான ஸ்விட்ச் போடப்படாமல் இருக்கலாம். உங்கள் நாட்டிலோ மொழியிலோ அதை வெளியிட நிறுவனம் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் சந்தாத் திட்டத்தில் அது சேர்த்தியே இல்லாமல் இருக்கலாம்.

இன்றைக்கு மிக அதிகமாக நடப்பது இரண்டாவது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் பாதி குறையும். புதிய வசதிக்கான நிரல் எல்லாருடைய போனுக்கும் முன்கூட்டியே போய்விடுகிறது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செயலியைத் திறக்கும்போது அது சர்வரிடம், "இந்தக் கணக்குக்கு எதையெல்லாம் காட்டலாம்?" என்று கேட்கிறது. சர்வர் அங்கே நின்று குலுக்கல் போடுவதில்லை. உங்கள் கணக்கு எண்ணையும் வசதியின் பெயரையும் சேர்த்து ஒரு கணக்கீட்டில் போடுகிறது. விடையாக, 0 முதல் 99 வரைக்குள் ஓர் எண் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியீடு 5 சதவீதத்தில் இருந்தால் 0 முதல் 4 வரை எண் விழுந்தவர்களுக்கு வசதி தெரியும். உங்களுக்கு விழுந்தது 83 என்றால், 50 சதவீதம் ஆனாலும் உங்கள் திரையில் ஒன்றும் மாறாது. 84-ஐத் தொட்ட அன்றுதான் பட்டன் வரும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரிகின்றன. ஒன்று, அந்த எண் கணக்கோடு ஒட்டியது. கேச் (செயலி தற்காலிகமாகச் சேமித்து வைப்பது) அழித்தாலும், போனை அணைத்துப் போட்டாலும், செயலியை நீக்கி மறுபடி நிறுவினாலும் 83 என்பது 83-தான். இரண்டு, கணக்கீட்டில் வசதியின் பெயரும் சேர்வதால் ஒவ்வொரு வசதிக்கும் எண் மாறும். இந்த முறை கடைசியில் நின்றவர் அடுத்த முறை முதல் ஐந்துக்குள் இருக்கலாம். "என்னை மட்டும் எப்போதும் கடைசியில் தள்ளுகிறார்கள்" என்று தோன்றினாலும் பொதுவாக அப்படி இல்லை. மூன்று, சில செயலிகள் கணக்கு எண்ணுக்குப் பதிலாகக் கருவியின் எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஒரே கணக்கில் போனில் வந்த வசதி மடிக்கணினியில் வராமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி செயலியில் மட்டும், மறுபடி நிறுவினால் எண் மாற ஒரு வாய்ப்பு உண்டு.

எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. வசதி வந்துவிட்ட நண்பரிடம் செயலியின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். அவருடையது புதியது, உங்களுடையது பழையது என்றால் பதிப்புதான் பிரச்சினை. இரண்டும் ஒன்றாக இருந்தால், உங்கள் போனிலேயே அவருடைய கணக்கில் அவரையே நுழையச் சொல்லிப் பாருங்கள். அப்போது பட்டன் தெரிந்தால் ஸ்விட்ச் கணக்கில் இருக்கிறது. அப்போதும் தெரியவில்லை என்றால் கருவியிலோ இடத்திலோ இருக்கிறது. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் கீழே உள்ள எந்த வழிக்கும் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா இருப்பதில் உள்ள லாபம்

காத்திருப்பது ஒரு வழியே இல்லை, கையாலாகாத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு 2018 அக்டோபரில் நடந்தது ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட் அந்த மாதம் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை வெளியிட்டது. அது எல்லாருக்கும் தானாகப் போகவில்லை. செட்டிங்ஸுக்குப் போய் "அப்டேட் இருக்கிறதா பார்" என்று தாங்களே அழுத்தியவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. சிலருக்கு அந்த அப்டேட் ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது. கோப்புறைகளின் இடத்தை மாற்றி வைத்திருந்தவர்களின் பழைய கோப்புறையை, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் நீக்கியதுதான் காரணம். சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13-ஆம் தேதிதான் திரும்ப வெளியிட்டார்கள். புகார் வந்த விகிதம் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 சதவீதம் என்று நிறுவனம் சொன்னது. அந்தச் சிறு எண்ணிக்கையில் மாட்டியவர்கள் எல்லாரும் அவசரப்பட்டு முன்னால் போனவர்கள். சும்மா இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு பிழையான உள்ளடக்க அப்டேட் போனது. படிப்படியாகப் போகவில்லை, இணையத்தில் இருந்த கருவிகளுக்கெல்லாம் ஒரேயடியாகப் போனது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. அதன் பிறகு அந்த நிறுவனமும் அந்த வகை அப்டேட்டுகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. முதல் ஒரு சதவீதத்தோடு நின்றிருந்தால் அந்த நாள் உலகச் செய்தியாகி இருக்காது.

ஆகவே படிப்படியான வெளியீட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எவ்வளவு காலம் என்று சொல்லாமல் விடுவதன் மேல்தான் கோபம். சொல்ல முடியாத விஷயமும் இல்லை இது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் படிப்படியான வெளியீட்டுக்கு அட்டவணையே உண்டு: ஏழு நாட்களில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம். நடுவில் பிரச்சினை வந்தால் மொத்தம் 30 நாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம். கூகுளின் அலுவலகச் சேவையான வொர்க்ஸ்பேஸின் அறிவிப்புகளில் ஒவ்வொரு வசதிக்கும் கீழே, முழு வெளியீடா (1 முதல் 3 நாள்), படிப்படியானதா (15 நாள் வரை), அதற்கும் மேல் நீளக்கூடியதா என்று எழுதியிருப்பார்கள். 15 நாள் என்று தெரிந்தால் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளப் போவதில்லை.

என் கணக்கு இதுதான்: முடிவு தேதி சொல்லப்பட்டிருந்தால் காத்திருங்கள். சொல்லப்படவில்லை, வேலையும் நிற்கிறது என்றால், காத்திருப்பது உங்களுக்கு நட்டம். அப்போதுதான் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும். காத்திருக்கும் நாட்களிலும் கையில் இருப்பதை வைத்து வேலையை ஓட்டுங்கள். இன்னும் வராத வசதியை வைத்து ஒரு வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கையால் அப்டேட், பிறகு பீட்டா

பதிப்புதான் பிரச்சினை என்று தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. ஐபோனில் மேலே சொன்ன ஏழு நாள் அட்டவணை, தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆப் ஸ்டோரைத் திறந்து அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் நாமே அப்டேட்டை அழுத்தினால் முதல் நாளிலேயே கிடைத்துவிடும். இது நிறுவனமே திறந்து வைத்திருக்கும் வாசல், இதில் பெரிய ஆபத்தும் இல்லை. விண்டோஸ் 11-இலும் புதிய அப்டேட்டுகளை வந்தவுடனேயே வாங்கிக்கொள்ள செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. வேலைக்கு ஒரே ஒரு கணினிதான் என்றால், 1809-இல் நடந்ததை நினைத்து, பேக்கப் எடுத்துவிட்டு அதைத் தொடுங்கள்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. பிளே ஸ்டோரில் செயலி உருவாக்குநர் ஒரு சதவீதத்தைக் குறிப்பார், அதில் யார் வருவார்கள் என்பது தற்செயல். அதில் நாம் வரவில்லை என்றால் ஸ்டோரில் அப்டேட் பட்டனே தெரியாது. அப்போது பலர் வெளியிலிருந்து ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு) எடுத்து நிறுவுகிறார்கள். இதில் ஆண்ட்ராய்டு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: ஏற்கெனவே நிறுவியிருக்கும் செயலியின் மேல் போடும்போது, இரண்டின் டிஜிட்டல் கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால் ஸ்டோரிலிருந்து வந்த செயலியை நீக்காமல் அதன் மேலேயே போடுங்கள். கோப்பு ஏற்கப்படவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். "பழையதை நீக்கிவிட்டுப் போடு" என்று எங்காவது யோசனை சொன்னால் அந்தப் பாதுகாப்பையே நீங்கள் கழற்றி வைப்பதாக அர்த்தம். வங்கிச் செயலி, கடவுச்சொல் செயலி போன்றவற்றுக்கு இந்த வழியே வேண்டாம். இத்தனையும் செய்த பிறகும், ஸ்விட்ச் சர்வரில் இருந்தால் புதிய பதிப்பும் பழைய முகத்தோடுதான் திறக்கும்.

பீட்டாவில் சேர்வதுதான் பொறுமையிழந்தவர்கள் முதலில் ஓடும் இடம். அதிகாரப்பூர்வமானது, இலவசம், முறையான கருத்துப் பெட்டியும் உண்டு. ஆனால் சேர்வதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் கிடைப்பதே கஷ்டம். ஆப்பிளின் சோதனைப் பதிப்புத் தளமான டெஸ்ட்ஃபிளைட்டில் ஒரு செயலிக்கு வெளியாட்கள் 10,000 பேர்தான், பிரபலமான செயலிகளில் அது எப்போதும் நிரம்பியே இருக்கும். பிளே ஸ்டோரிலும் பீட்டா நிரம்பிவிட்டது என்ற வரியைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். டெஸ்ட்ஃபிளைட்டில் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும், அதற்குள் அடுத்தது வராவிட்டால் செயலி திறக்காது.

சேர்வதைவிட வெளியேறுவதுதான் சிக்கல். ஆண்ட்ராய்டு பழைய பதிப்பைப் புதியதன் மேல் நிறுவ விடாது. பீட்டாவிலிருந்து விலகினால் செயலியை நீக்கிவிட்டுச் சாதாரணப் பதிப்பைப் போட வேண்டும், இல்லையென்றால் சாதாரணப் பதிப்பு உங்கள் பீட்டா எண்ணைத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டும். நீக்கும்போது போனில் மட்டும் இருக்கும் தரவு போய்விடும். அரட்டைச் செயலியில் இது சாதாரண இழப்பு இல்லை. பேக்கப் எடுத்தாலும் போதாமல் போகலாம், ஏனென்றால் பீட்டா எழுதிய தரவு வடிவம் பழைய பதிப்புக்குப் புரியாமல் போக வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் செய்து உள்ளே போனால் பட்டன் நிச்சயமா? இல்லை. பீட்டாவுக்குள்ளேயும் அதே சதவீத ஸ்விட்ச் இருக்கிறது. சோதனையாளர்களிலும் ஒரு பகுதியினருக்குத்தான் சில வசதிகளைக் காட்டுவார்கள். மொத்தத்தில், குறிப்பு எடுக்கும் செயலி, வானிலைச் செயலி, பிரவுசர் போன்ற, தரவு சர்வரில் பத்திரமாக இருக்கும் செயலிகளுக்கு பீட்டா நல்ல வழி. போனுக்குள் தரவை வைக்கும் அரட்டைச் செயலிக்கும், பணம் புழங்கும் செயலிக்கும் வேண்டாம். பிரவுசரில் இன்னொரு வசதி: குரோமின் பீட்டா, டெவ், கேனரி என்ற சோதனைப் பதிப்புகளைச் சாதாரணப் பதிப்பின் பக்கத்திலேயே தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். எல்லாச் செயலிகளும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விட்டால் பீட்டா பற்றிய என் தயக்கம் பாதி போய்விடும்.

மறைந்திருக்கும் ஸ்விட்சுகள்

குரோமில் சோதனை வசதிகளை நாமே போடவும் அணைக்கவும் வைத்த ஃபிளாக்ஸ் பக்கம், ஃபயர்ஃபாக்ஸில் அதுபோன்ற கான்ஃபிக் பக்கம், விண்டோஸில் வைவ்டூல் என்ற வெளியார் கருவி. நிரல் கருவிக்குள் இருக்கிறது, அணைந்து கிடக்கிறது, அதை நாமே போடலாம் என்பதுதான் இவற்றின் கவர்ச்சி. வேலையும் செய்யும். குரோமின் பக்கத்தில் தரவு இழக்கலாம், பாதுகாப்பு குறையலாம் என்ற எச்சரிக்கை மேலேயே இருக்கும். ஃபிளாக்குகள் ஒரு பதிப்பில் இருந்து அடுத்ததில் காணாமலும் போகும்.

அணைத்து வைத்த நிரல் என்றால் முடிந்த நிரல் என்று அர்த்தமில்லை. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை மென்பொருள் துறையில் இன்றும் பேசுவார்கள். பழைய, கைவிடப்பட்ட ஒரு வசதியின் ஸ்விட்சைப் புதிய வசதிக்குப் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் அந்த ஒன்றில் பல வருடங்களாகத் தூங்கிய பழைய நிரல் எழுந்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஸ்விட்சை வைத்தவர்களுக்கே இப்படி ஆனது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெளியிலிருந்து திருப்பும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரவுசர் ஃபிளாக்கை ஒரு தனி புரொஃபைலில் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அன்றாட வேலை செய்யும் கணினியின் இயங்குதளத்தில் வைவ்டூலை ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாற்றி எழுதப்பட்ட செயலிகள் பற்றி ஒரு பத்திதான். வாட்ஸாப் போன்ற செயலிகளின் பெயரில் "எல்லா வசதியும் திறந்தது" என்று சுற்றும் பதிப்புகளை நிறுவாதீர்கள். உங்கள் உரையாடல் முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் நிரல் வழியாகப் போகும். அதிகாரப்பூர்வமற்ற செயலி பயன்படுத்துபவர்களின் கணக்கை வாட்ஸாப் முடக்குவதும் உண்டு. ஒரு பட்டனுக்காகக் கணக்கையே பணயம் வைக்க வேண்டியதில்லை.

நாடு, பணம்

தாமதம் சட்டத்தால் வந்தது என்றால் சதவீதக் கணக்கு எதுவும் பொருந்தாது. மெட்டாவின் சமூக வலைத்தளமான த்ரெட்ஸ் 2023 ஜூலை 5 அன்று வெளிவந்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு டிசம்பர் 14 அன்றுதான் போனது. நடுவில் விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் கருவி) வழியாக நுழைந்தவர்களையும் மெட்டா தடுத்தது. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2024 அக்டோபரில் தொடங்கியது, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐபோன்களுக்கு வந்து சேர அடுத்த ஆண்டு வசந்தகாலம் ஆனது. இந்த மாதிரிக் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். அதனால் நாட்டை மாற்றிக் காட்டும் ஆசை வருவது இயல்பு. ஆனால் விபிஎன் போட்டால் மட்டும் போதாது. செயலிகள் ஸ்டோர் கணக்கின் நாடு, பணம் கட்டும் அட்டை, சிம் என்று பலவற்றையும் பார்க்கின்றன. பிளே ஸ்டோரில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம், பழைய நாட்டின் இருப்புத் தொகை கூடவே வராது. ஆப்பிள் கணக்கில் மாற்ற வேண்டுமானால் இருப்பைத் தீர்த்துச் சந்தாக்களையும் ரத்து செய்ய வேண்டும். உண்மையிலேயே வேறு நாட்டுக்குக் குடிபோனவர் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வசதிக்காகச் செய்தால் திரும்பி வருவது சிரமம்.

பணம் கட்டி முந்துவது சில சமயம் நியாயமான வழி. மேல் திட்டத்துக்கே முதலில் தருவோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், வேலைக்கும் அது தேவை என்றால், ஒரு மாதம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் பணம் கட்டினால் உடனே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. சாட்ஜிபிடியின் மேம்பட்ட குரல் வசதியை 2024 மே மாதம் மேடையில் காட்டினார்கள். ஜூலை 30-இல் பணம் கட்டியவர்களிலேயே ஒரு சிறு குழுவுக்குத்தான் வந்தது. பிளஸ் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் பரவத் தொடங்கியது செப்டம்பர் 24-இல், அப்போதும் ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் உட்படச் சில நாடுகள் விடுபட்டன. மே மாதக் காட்சியைப் பார்த்து அன்றே சந்தா கட்டியவர் நாலு மாதச் சந்தாவை அந்த வசதி இல்லாமலேயே கட்டியிருப்பார். மேடையில் பார்த்ததற்குக் காசு கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கில் வந்ததற்குக் கொடுங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி என்றாலும் முதலில் மாதச் சந்தாவாகவே எடுங்கள்.

வேறு செயலிக்குப் போகலாமா?

இது தனி ஆளா, பலர் சேர்ந்து பயன்படுத்துவதா என்பதைப் பொறுத்தது. படத்தைத் திருத்துவது, குறிப்பு எழுதுவது போன்று நீங்கள் ஒருவரே செய்யும் வேலை என்றால், போட்டிச் செயலியில் அந்த வசதி இன்றே இருந்தால், போய்விடுங்கள். விசுவாசம் காட்ட வேண்டிய கடமை நமக்கு இல்லை. போகும் முன் உங்கள் தரவை வெளியே எடுக்க முடிகிறதா, புதிய இடத்திலும் அந்த வசதி அறிவிப்போடு நிற்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். இலவசக் கணக்கு ஒன்று திறந்து, அந்தப் பட்டனை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மாறுவது நல்லது.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் வசதியில் நிலைமை தலைகீழ். கூகுள் வேவ் இதற்கு நல்ல பாடம். 2009 செப்டம்பர் 30 அன்று சுமார் ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். அது சேர்ந்து எழுதும் கருவி. உள்ளே போனவர்களின் நண்பர்களோ சக ஊழியர்களோ உள்ளே இல்லை, போய் என்ன செய்ய? ஜிமெயிலும் 2004 ஏப்ரல் முதல் 2007 பிப்ரவரி வரை அழைப்பின் பேரில்தான் கிடைத்தது. ஆனால் மின்னஞ்சலை எந்த முகவரிக்கும் அனுப்பலாம் என்பதால் தனியாக உள்ளே போனவருக்கும் அது பயன்பட்டது. வேவ் 2010 மே மாதம் எல்லாருக்கும் திறந்தது, ஆகஸ்டில் அதன் வளர்ச்சிப் பணியையே நிறுத்தினார்கள். அதனால் அழைப்பு, குழு உரையாடல், சேர்ந்து திருத்துவது போன்ற வசதிகளில் நீங்கள் மட்டும் முந்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. கூட இருப்பவர்களுக்கும் வரும் வரை பழைய முறையிலேயே இருங்கள்.

அலுவலகக் குழுக்களில் இந்த வேதனை இன்னும் அதிகம். ஒரே ஆவணத்தை ஐந்து பேர் திறந்து வைத்திருப்பார்கள். "வலது பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்துங்க" என்று ஒருவர் சொல்வார். இரண்டு பேருக்கு அந்தப் பட்டன் மேல் வரிசையில் இருக்கும், ஒருவருக்கு இருக்கவே இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர் தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று வாய் திறக்காமல் இருப்பார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தப் புதியவரை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸில் நிர்வாகி வேக வெளியீடு, திட்டமிட்ட வெளியீடு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் குறிப்பிட்ட சிலரை மட்டும் முன்வரிசையில் வைக்கும் வழியும் உண்டு. பயிற்சி கொடுப்பவர், உதவிக்குறிப்பு எழுதுபவர் என்று மூன்று நான்கு பேரை மட்டும் வேகமான வரிசையில் வைத்து, மற்ற எல்லாரையும் மெதுவான வரிசையில் வைப்பதையே நான் விரும்புவேன். முன்வரிசையில் இருப்பவர்கள் புதியதைப் பழகிக் குறிப்பு எழுதி முடிப்பதற்கும், மற்றவர்களுக்கு அது வருவதற்கும் சரியாக இருக்கும். ஆர்வமாக இருக்கிறார்கள் என்பதற்காக முழு அலுவலகத்தையும் வேக வரிசையில் போடுவது மேலே சொன்ன ஐந்து பேர் காட்சியை வாரா வாரம் வரவழைப்பதுதான்.

அப்புறம், வெளியீடு முடிந்துவிட்டது என்று நிறுவனமே சொன்ன பிறகும் வராமல் இருந்தால் அது வேறு விஷயம். புதிய வசதியால் என்ன மாறியது என்று அளப்பதற்காக, ஒரு சிறு பகுதிப் பயனர்களுக்கு அதை வேண்டுமென்றே காட்டாமல் வைத்திருக்கும் வழக்கம் பெரிய சேவைகளில் உண்டு. நீங்கள் அந்தப் பகுதியில் இருக்கலாம், அல்லது உங்கள் கணக்கில் உண்மையிலேயே ஏதோ கோளாறு இருக்கலாம். அப்போது காத்திருக்க வேண்டாம், உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். "எனக்கு எப்போது வரும்?" என்று கேட்டால் அச்சடித்த பதில்தான் வரும். செயலியின் பதிப்பு எண், கருவி, கணக்கின் நாடு, சந்தாத் திட்டம், வெளியீடு முடிந்ததாக அறிவித்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து, "பதிப்பு, நாடு, திட்டம், சோதனைக் குழு, இவற்றில் எதனால் என் கணக்கில் இது அணைந்திருக்கிறது?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அதற்கு ஒரு மனிதர் சர்வரில் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.